உங்களுக்குத் தெரியுமா? தெருவிளக்கு சாமந்தியைப் பூக்கவிடாது!

வாசலில் வைத்த சாமந்தித் தொட்டி, கார்த்திகை பிறந்தும் இலையாகவே தழைத்து நிற்கிறதா? உரத்தைக் குறை சொல்லுமுன், ராத்திரியில் அதன்மேல் தெருவிளக்கு வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள்.

சாமந்தி இரவை அளக்கும் செடி. இரவு நீண்டு, இருட்டும் இடையறாமல் இருந்தால்தான் மொட்டு கட்டும். அளப்பவை இலைகள், அவற்றிலுள்ள ‘ஃபைட்டோகுரோம்’ என்ற நிறமிக்கு நள்ளிரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே போதும், ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாகிவிடும். செடிக்கு அது இன்னும் கோடைதான்!

ஜப்பானின் அட்சுமி தீபகற்பத்து விவசாயிகள் இதையே தொழில்நுட்பமாக்கிவிட்டார்கள். பசுமைக்குடில்களில் இரவில் விளக்கெரித்துப் பூப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். சந்தை நாளைக் கணக்கிட்டு விளக்கை அணைக்கிறார்கள். இருட்டில் வரிசையாக ஒளிரும் அந்தக் குடில்கள் அத்தனை அழகு! இதற்கு நேர்மாறாக, மாலையிலேயே கறுப்புத் துணி போர்த்தி, பருவத்துக்கு முன்பே பூக்கவைப்பதும் உண்டு.

நம் தொட்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளைகள் பெருகும். மொட்டு தெரிந்தபின் மட்டும் கிள்ளாதீர்கள். ராத்திரியில் தொட்டியை இருட்டு மூலைக்கு நகர்த்திவிடுங்கள்.