பிறர்க்கென அமைக்கும் இணையத்தளம்

அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொலைவில் இல்லை. 1960களில் உருவான அத்தொழிற்பேட்டையில் பெரிய ஆலைகளும் உண்டு. பத்துப் பேர் மட்டுமே பணிபுரியும் சிறு பட்டறைகளும் உண்டு. முற்காலத்தில் ஒரு பட்டறைக்கு வாயிலில் ஒரு பெயர்ப் பலகை இருந்தால் போதும். இன்று நிலைமை வேறு. புனேயிலோ ஓசூரிலோ உள்ள ஒருவர்க்கு ஓர் இயந்திர உறுப்புத் தேவைப்பட்டால், அவர் முதலில் தேடுவது இணையத்தில்தான். ஆகவே, பட்டறைக்குத் தெருவில் ஒரு வாயில் இருப்பதுபோல் இணையத்திலும் ஒரு வாயில் வேண்டியதாயிற்று. அந்த வாயிலை அமைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொள்ள விரும்புவோர் நம் பகுதியில் பலர். அத்தொழிலை எவ்வாறு கற்பது, கற்றபின் ஏற்க வேண்டிய பொறுப்புகள் யாவை என்பனவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

வையவிரிவலை என்னும் அமைப்பை 1989இல் முதன்முதல் எண்ணித் திட்டமிட்டவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் அவர் அப்போது பணியாற்றினார். 1993இல் அந்நிறுவனம் அதனை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு வழங்கிவிட்டது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கிடைத்தது. அக்காலத்தில் ஒரு தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கையால் எழுத வேண்டும். நிறுவனத்தின் தொலைபேசி எண் மாறினால், அவ்வெண் இடம்பெற்ற இருபது பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டாலும் பழைய எண் அங்கே நின்று வாடிக்கையாளரை வழிதவறச் செய்யும்.

இக்குறையைப் போக்க வந்ததே உள்ளடக்க மேலாண்மை முறை. பெயர் பெரிதாயினும் கருத்து எளிது. திருமண அழைப்பிதழ் அச்சிடும் அச்சகத்தை நினைத்துப் பாருங்கள். ஓரத்துப் பூவேலையும், நடுவிலுள்ள கட்டமும், விநாயகர் படமும் ஆயத்தமாக இருக்கும். மணமக்களின் பெயர், முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர் ஆகியவை மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். சொல்ல வேண்டிய செய்தி வேறு, அதனைத் தாங்கும் வடிவம் வேறு என்று பிரித்து வைத்தமையால் வேலை எளிதாகிறது. உள்ளடக்க மேலாண்மை முறையும் இவ்வாறே இயங்குகிறது. செய்தி தரவுத்தளம் என்னும் பெட்டகத்தில் இருக்கும். வடிவம் தீம் எனப்படும் கோப்புகளில் இருக்கும். ஒருவர் தளத்தின் முகவரியைத் தட்டியவுடன், வழங்கியிலுள்ள நிரல் பெட்டகத்திலிருந்து செய்தியை எடுத்து, வடிவத்தில் பொருத்தி, முழுப் பக்கமாக்கி அனுப்புகிறது. எண் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எல்லாப் பக்கங்களிலும் அது மாறிவிடும்.

இத்தகைய முறைகளுள் துருபல் 2001லும், வேர்டுபிரஸ் 2003லும், ஜூம்லா 2005லும் வெளிவந்தன. இவற்றுள் மிகப் பரவியது வேர்டுபிரஸ். அமெரிக்கரான மாட் முல்லன்வெக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மைக் லிட்டிலும் 2003ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அதன் முதற் பதிப்பை வெளியிட்டனர். இன்று உலகத் தளங்களில் 100க்கு 40க்கு மேற்பட்டவை அதனைக் கொண்டே இயங்குகின்றன. அது பொதுவுரிமம் பெற்ற கட்டற்ற மென்பொருள். பெறவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமை உண்டு. ஆதலின் கற்பதற்கு மூலதனம் வேண்டுவதில்லை. ஒரு கணிப்பொறியும் பொறுமையும் இருந்தால் போதும்.

கற்கும் முறைக்கு வருவோம். தொடக்கத்திலேயே பிறருடைய தளத்தில் கைவைத்தல் கூடாது. தம் கணிப்பொறியையே வழங்கியாக அமைத்துக்கொண்டு, அதில் ஒரு தளத்தை நிறுவிப் பழக வேண்டும். நாள்தோறும் வெளியாகும் செய்திகளுக்குரிய பதிவு வேறு, என்றும் நிலைத்திருக்கும் 'எங்களைப் பற்றி' போன்ற பக்கம் வேறு என்பதை முதலில் உணர வேண்டும். அடுத்துத் தீமை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். வடிவம் மாறியும் செய்தி மாறாது நிற்பதைக் கண்ணால் காணும்போது, முன் சொன்ன தத்துவம் மனத்தில் பதியும். அதன்பின் செருகுநிரல், அதாவது பிளகின், என்பதற்குச் செல்லலாம். விசாரணைப் படிவம், படத்தொகுப்பு, விற்பனைப் பட்டியல் முதலிய கூடுதல் வசதிகளைத் தருவன இவை. இவற்றை அளவோடு சேர்த்தல் வேண்டும். ஒவ்வொரு செருகுநிரலும் வேறொருவர் எழுதியது. அதில் ஒரு பிழை இருப்பின் அது நம் தளத்துக்குள் நுழைய ஒரு வழியாகிவிடும். விலைக்கு விற்கும் தீமின் திருட்டுப் படியை இலவசமாகத் தருகிறோம் என்பாரை ஒருபோதும் நம்பலாகாது. அத்தகைய படிகளில் தீய நிரல்கள் மறைந்திருப்பது வழக்கம்.

ஓரளவு எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். ஆகியவற்றையும் கற்றல் நன்று. அவற்றை அறியாதவர் ஆயத்த வடிவத்துக்குள் அடங்கும் வேலையை மட்டுமே செய்ய இயலும். வாடிக்கையாளர் சிறிது மாற்றிக் கேட்டால் திகைத்து நிற்பர்.

இதுவரை கூறியவை கைத்திறன் பற்றியவை. பிறர்க்கென ஒன்றை அமைக்கும்போது வரும் பொறுப்பைப் பற்றி இனிக் கூற வேண்டும். அதனை நான் என் பிழையால் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு பட்டறைக்குத் தளம் அமைத்துக் கொடுத்தேன். உரிமையாளர் கடைசல் இயந்திரத்தின் முன் முப்பது ஆண்டு நின்றவர். "இதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒருநாள் மாலை, செருகுநிரல்களுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதைக் கண்டு, எல்லாவற்றையும் ஒருசேரப் புதுப்பித்தேன். முன்னதாக நகலெடுத்து வைக்கவில்லை. முகப்பைத் திறந்து பார்த்தேன், அழகாகவே இருந்தது. மனநிறைவோடு உறங்கச் சென்றேன். பதினொரு நாள் கழித்து அவர் என்னை அழைத்தார். பழைய வாடிக்கையாளர் ஒருவர், "தளத்தின் வழியே விலை கேட்டு எழுதினேன், பதில் இல்லையே, வேறிடத்தில் வாங்கிவிட்டேன்" என்றாராம். ஆராய்ந்தபோது உண்மை விளங்கிற்று. புதிய பதிப்புக்கும் மின்னஞ்சலை அனுப்பும் செருகுநிரலுக்கும் ஒத்துவரவில்லை. படிவத்தை நிரப்பியவர்க்கு 'நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது' என்று தளம் சொல்லியது. செய்தியோ எங்கும் சென்று சேரவில்லை. அந்தப் படிவம் செய்திகளைத் தரவுத்தளத்திலும் சேமித்து வைக்கவில்லை. ஆகவே அப்பதினொரு நாளில் எத்தனை பேர் எழுதினர் என்பதை இன்றுவரை அறிய வழியில்லை.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நாங்கள் ஒரு உறுப்பைச் செய்தால், அளந்து பார்த்த பிறகுதான் அனுப்புவோம் தம்பி" என்று மட்டும் கூறினார். அச்சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று முதல் நான் கைக்கொள்ளும் நெறிகள் சில உண்டு. புதுப்பிக்குமுன் தரவுத்தளம், பதிவேற்றிய படங்கள், தீம், செருகுநிரல்கள் ஆகிய எல்லாவற்றையும் நகலெடுத்து, அந்த வழங்கியில் அன்றி வேறோரிடத்தில் வைக்க வேண்டும். தளத்தின் மறுபடி ஒன்றில் முதலில் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். மாற்றம் முடிந்தபின் முகப்பைப் பார்த்தல் போதாது. வாடிக்கையாளரின் வாடிக்கையாளராக நின்று, படிவத்தை நிரப்பி, அக்கடிதம் உரியவர் கையில் சேர்ந்ததா என்று கேட்டறிய வேண்டும். படிவத்தில் வருவனவற்றைத் தரவுத்தளத்திலும் சேமிக்கச் செய்தல் வேண்டும். ஆயினும், அங்கே சேர்வன பிறருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் ஆதலின், தேவையானவற்றை மட்டும் கேட்டுக் காப்பாகப் போற்ற வேண்டும். தனிமனிதர் தரவுகளைக் காக்க நம் நாட்டில் 2023இல் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

மற்றொன்று உரிமை பற்றியது. தளத்தின் முகவரியாகிய டொமைன் பெயர், ஆண்டுக்கணக்கில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யப்படுவது. யார் பெயரில் பதிவாகிறதோ அவரே அதற்கு உரியவர். சிலர் அதனைத் தம் பெயரிலேயே பதிந்துகொள்கின்றனர். பின்னர் மனவேறுபாடு வந்தாலோ, அமைத்தவர் ஊர் மாறிப் போனாலோ, புதுப்பிக்கும் நாள் தவறினாலோ, பட்டறை தன் பெயரையே இழந்து நிற்கும். வீடு கட்டிய கொத்தனார் பட்டாவைத் தம் பெயரில் எழுதிக்கொள்வது முறையாகுமா? டொமைன், வழங்கி இரண்டும் வாடிக்கையாளர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலுமே இருத்தல் வேண்டும். கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் அவரிடம் ஒப்படைப்பது நல்லது. வேர்டுபிரஸில் நிருவாகி, தொகுப்பாளர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என ஐந்து நிலைகள் உண்டு. அன்றாடம் செய்தியை மாற்றுவதற்குத் தொகுப்பாளர் நிலையே போதும். உரிமையாளர்க்கோ அவர்தம் பிள்ளைகட்கோ அந்நிலையில் ஒரு கணக்குத் தந்து பழக்கிவிட்டால், விலைப்பட்டியலை மாற்ற அவர்கள் நம்மை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதனால் நம் வருவாய் குறையுமோ என்று அஞ்ச வேண்டா. நம்பிக்கையால் வரும் வேலை அதனினும் மிகுதி.

தமிழைப் பற்றியும் ஒன்று கூறி முடிக்கிறேன். ஒரு காலத்தில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவைக் கொண்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாதவர்க்குப் பக்கம் முழுதும் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. இன்று ஒருங்குறி பரவியதால் அத்தடை நீங்கிவிட்டது. வேர்டுபிரஸின் நிருவாகப் பகுதியையும் தமிழில் அமைத்துக்கொள்ளலாம்; '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. ஆங்கிலப் பக்கத்தோடு ஒரு தமிழ்ப் பக்கமும் அமைத்துக் கொடுங்கள். அப்பட்டறைக்கு வேலை தேடி வரும் இளைஞனும், அதன் உரிமையாளரும், அவருடைய தாயாரும் அதனைப் படிக்கலாம் அன்றோ?

முதல் தளத்தை அமைத்து முடித்த நாளில், கற்பவர்க்கு வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அன்றுதான் அது தொடங்குகிறது. நாம் உறங்கும் வேளையிலும் ஒருவருடைய வாயிலாக அது திறந்திருக்கிறது. அதில் ஒருவர் வந்து தட்டும் ஒலி உள்ளிருப்பவர்க்குக் கேட்கிறதா என்று அவ்வப்போது சென்று பார்ப்பதே இத்தொழிலின் பெரும்பகுதி.