அலுவலகக் கணினி ‘முடியாது’ என்று சொல்வது எப்படி?

அலுவலகக் கணினியில் ஒரு தமிழ்த் தட்டச்சுக் கருவியையோ பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்கும் செயலியையோ டவுன்லோடு செய்து திறக்கிறீர்கள். திரை மங்குகிறது. அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. உங்களிடம் அது இல்லை. ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனால், புராசஸருக்குள் இருக்கும் இரண்டே இரண்டு பிட்களில் போய் முடிகிறது.

காலையில் நீங்கள் லாகின் செய்ததுமே விண்டோஸ் உங்கள் பெயரில் ஒரு டோக்கன் தயாரித்துவிடுகிறது. நீங்கள் யார், எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள், உங்களுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பதெல்லாம் அதில் எண்களாகப் பதிந்திருக்கும். அட்மின் குழுவுக்கு எல்லா விண்டோஸ் கணினியிலும் ஒரே எண்தான்: எஸ்-1-5-32-544. அதன் பிறகு நீங்கள் திறக்கும் வேர்டு, பிரவுசர், சற்றுமுன் இறக்கிய செட்டப் கோப்பு என ஒவ்வொரு நிரலும் அந்த டோக்கனின் நகலைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது.

இன்னொரு பக்கம், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தால், சாதாரணப் பயனர்கள் படிக்கலாம், ஓட்டலாம் என்று இருக்கும். எழுதலாம், அழிக்கலாம் என்று இருக்காது. ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்வது என்பது பெரும்பாலும் அந்த ஃபோல்டருக்குள் கோப்புகளை எழுதுவதும், கணினி முழுமைக்கும் பொதுவான ரெஜிஸ்ட்ரி பகுதியில் சில பதிவுகளைச் சேர்ப்பதும்தான். நீக்குவது என்றால் அவற்றை அழிப்பது. நிரல் எழுத முயன்றதும் விண்டோஸின் உட்கருவான கெர்னல், டோக்கனையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் பிழை எண் 5: அனுமதி மறுக்கப்பட்டது. நிறுவத் தடை, நீக்கத் தடை என்று தனித்தனியே எழுதி வைக்கத் தேவையில்லை. ஒரே ஒப்பீடு இரண்டையும் பார்த்துக்கொள்கிறது. 1993-ல் வந்த விண்டோஸ் என்டி முதல் இதுதான் ஏற்பாடு.

கெர்னலைக் கேட்காமலே ஒரு நிரல் நேராக வட்டில் எழுதிவிட்டால்? டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் அது நடக்கும். எந்த நிரலும் எதையும் தொடலாம் என்பதுதான் அன்றைய நிலை. இன்டெல் 1982-ல் வெளியிட்ட 80286 சிப்பில் அதற்கான தடுப்பு வந்தது. அதிகாரத்தை 0 முதல் 3 வரை நான்கு வளையங்களாக அது பிரித்தது. இந்த நொடி ஓடும் கட்டளை எந்த வளையத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்ல சிப்புக்குள் உள்ள ஒரு பதிவேட்டின் கடைசி இரண்டு பிட்கள் போதும். விண்டோஸ் அவற்றில் இரண்டு வளையங்களை மட்டுமே பயன்படுத்துகிறது: கெர்னலுக்கு 0, நம்முடைய நிரல்களுக்கு 3. மூன்றாம் வளையத்து நிரல் வட்டையோ கெர்னலின் நினைவகத்தையோ நேராகத் தொட முயன்றால் சிப்பே அந்தக் கட்டளையை நிறுத்தி, கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் ஒப்படைக்கும். நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும், நொடிக்குப் பல கோடி முறை, இந்தச் சோதனை நடக்கிறது. நமக்கு ஒரு துளி தாமதமும் தெரிவதில்லை. மனிதர் போட்ட ஓர் அலுவலக விதியை சிலிக்கான் இவ்வளவு அசராமல் காப்பாற்றுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

வளையங்கள் என்ற எண்ணம் இன்டெலுக்கு முந்தையது. எம்ஐடி பங்கேற்று 1960-களில் உருவான மல்டிக்ஸ் அமைப்பில் பிறந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. அத்துமீறல்களும் அப்போதே தொடங்கிவிட்டன. மல்டிக்ஸுக்கு முன்னோடியான சிடிஎஸ்எஸ் கணினியில் ஆய்வு மாணவர் ஆலன் ஷெர்ருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை. 1962-ல் அவர் ஒரு துளை அட்டையில் பாஸ்வேர்டு கோப்பின் பெயரைக் குறிப்பிட்டு, அச்சிட்டுத் தரும்படி கொடுத்தார். அச்சாகி வந்தது! நேரடியாகக் கேட்டால் மறுக்கும் கணினி, அச்சுக்கூடத்தின் வழியாகக் கேட்டபோது மறுக்கவில்லை. எல்லாக் கோரிக்கையையும், எந்த வழியில் வந்தாலும், சோதித்தாக வேண்டும் என்பதை கணினி ஆய்வாளர்கள் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-ல் எழுதிய கட்டுரையில் ஒரு கொள்கையாகவே வைத்தார்கள். வேலைக்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவு மட்டும் கொடு என்பதும் அதே கட்டுரையில் உள்ள கொள்கைதான். அலுவலகத்தில் நமக்கு அட்மின் உரிமை கிடைக்காததற்கு வேர் இங்கே இருக்கிறது.

இதை ஊழியரின் மேல் உள்ள சந்தேகமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். டோக்கனை நினைத்துப் பார்த்தால் விஷயம் வேறாகத் தெரியும். மின்னஞ்சலில் வந்த தீய நிரல் ஒன்றைத் தெரியாமல் திறந்துவிட்டால், அதுவும் உங்கள் டோக்கனுடன்தான் ஓடும். நீங்கள் அட்மின் என்றால் அதுவும் அட்மின். அது முதலில் செய்ய விரும்பும் வேலைகளில் ஒன்று ஆன்டிவைரஸை நீக்குவது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், வீட்டுக் கணினியில் உருவாக்கும் கணக்குகள் இயல்பாகவே அட்மின் கணக்குகளாக இருந்தன. அதனால் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்ததுதான் விண்டோஸ் விஸ்டாவின் அந்தத் திரை மங்கும் பெட்டி. மங்கலாகப் பின்னால் தெரிவது உங்கள் திரை அல்ல, அதன் புகைப்படம். பெட்டி இருப்பது வேறொரு தனித் திரையில். மற்ற நிரல்கள் ‘ஆம்’ பொத்தானைத் தாமாக அழுத்திவிடாதபடி செய்த ஏற்பாடு.

இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டை உண்டு. உங்கள் பெயரில் உள்ள சொந்த ஃபோல்டரில் நீங்கள் எதையும் எழுதலாம். கூகுள் குரோம் அட்மின் உரிமை இல்லாமலே அங்கே தன்னை நிறுவிக்கொள்ளும். தீய நிரலும் அதையே செய்யலாம். இதற்கு விண்டோஸ் 7-ல் வந்த ஆப்லாக்கர் என்ற நிரல் கட்டுப்பாட்டு வசதியின் இயல்பு விதிகள் கொடுத்த பதில் அழகானது. அட்மின் மட்டும் எழுதக்கூடிய ஃபோல்டர்களில் உள்ளவை மட்டும் ஓடட்டும், மற்றவை ஓட வேண்டாம். அதாவது ஊழியர் எழுத முடிகிற இடத்தில் எதுவும் ஓடாது. ஓடுகிற இடத்தில் அவரால் எழுத முடியாது.

நடைமுறையில் இதிலும் கசிவுகள் இருக்கின்றன. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே சாதாரணப் பயனர் எழுதக்கூடிய சில துணை ஃபோல்டர்கள் உண்டு. வேர்டுக்குள் ஓடும் மேக்ரோவை இந்த விதி தடுக்காது, வேர்டு அனுமதிக்கப்பட்ட நிரல் என்பதால். தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தை நம்பலாம் என்றால், 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீய நிரல் ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழ்களோடு வந்தது. பென் டிரைவில் வேறொரு இயங்குதளத்தை வைத்து பூட் செய்தால், குறியாக்கம் செய்யாத வட்டில் அனுமதிப் பட்டியல்கள் வெறும் பைட்டுகள்தான். அவற்றை மதிக்க வைக்கும் கெர்னல் அப்போது ஓடவில்லை. ஆகவே வட்டுக் குறியாக்கமும் சேர்ந்தால்தான் இந்தப் பூட்டு முழுமையாகும்.

ஐடி துறையினரிடம் ஒரு வேண்டுகோள்: நியாயமான தேவையோடு வரும் டிக்கெட்டை நாள்கணக்கில் கிடப்பில் போடாதீர்கள். காத்திருந்து சலித்தவர் அலுவலகக் கோப்பைத் தன் சொந்த லேப்டாப்புக்கு எடுத்துப்போவார். அங்கே உங்கள் விதி எதுவும் செல்லாது. வாசகர்கள் வீட்டிலும் இந்த அட்மின் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கலாம். அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். அட்மின் கணக்கைத் தனியாக வைத்து, எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். விண்டோஸின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் சில நிமிட வேலைதான், காசும் செலவில்லை.