கார்பைன்: மலிவு யாருக்கு, செலவு யாருக்கு?

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை, செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். பிறகு அதே துப்பாக்கியால் தன் உயிரையும் போக்கிக்கொண்டார். பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் கைத்துப்பாக்கி அது. அந்தச் சம்பவத்தின் அரசியலைத் தாமிரபரணிக் கரை இன்றுவரை பேசுகிறது. துப்பாக்கியின் பொறியமைப்பைப் பேசுவோர் குறைவு. அன்றைய பெல்ஜியம் பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் எல்லாம் ‘ப்ளோபேக்’ என்ற எளிய முறையில் இயங்கியவை. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் கார்பைன்களில் பெரும்பாலானவை இன்றும் அதே முறையைத்தான் நம்பியிருக்கின்றன.

ரைபிளைவிடக் குட்டையாக, தோளில் அணைத்துச் சுடும்படி இருப்பது கார்பைன். 9 மி.மீ. தோட்டா போட்டால், நூறு மீட்டருக்கு உட்பட்ட சண்டைக்கே அது ஏற்றது. நெருக்கமான தெரு, ரயில் நிலையம், முக்கியப் பிரமுகர் பாதுகாப்பு என்று போலீஸுக்குத் தேவைப்படும் இடங்கள் பெரும்பாலும் அந்தத் தொலைவுக்குள் அடங்கிவிடும்.

தாழ்ப்பாள் இல்லாத கதவு

தோட்டா வெடித்ததும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. அதே விசை காலிக் கூட்டைப் பின்னேயும் தள்ளும். குண்டு குழலைவிட்டு வெளியேறும்வரை பின்பக்கம் திறக்கக் கூடாது. ப்ளோபேக்கில் இதற்குப் பூட்டு எதுவும் கிடையாது. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு நெல் மூட்டையை முட்டுக் கொடுப்பதுபோல, கனமான போல்ட்டும் அதன் பின்னால் ஸ்பிரிங்கும் மட்டுமே தாங்கி நிற்கின்றன. 9 மி.மீ. தோட்டாவுக்கு அந்தக் கனம் அரைக் கிலோவைத் தாண்டும். பாகங்கள் குறைவு, கடைசல் வேலை குறைவு, விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் அந்த இரும்பு முன்னும் பின்னும் ஓடுவதைச் சுடுபவரின் தோள் உணரும்.

ஜெர்மனியின் எம்பி5 வேறு வழியில் போனது. போல்ட்டில் இரண்டு சிறு உருளைகளை வைத்து, பின்னோக்கிய ஓட்டத்தைக் கணநேரம் தாமதப்படுத்தியது. போல்ட் இலகுவானது, அதிர்வு குறைந்தது, குறி தப்புவதும் குறைந்தது. ஆனால் உருளை உட்காரும் பள்ளங்களை நுட்பமாகக் கடைந்தாக வேண்டும். அதனால் விலை ஏறியது. நம் தேசியப் பாதுகாப்புப் படையினர் கையில் இதைப் பார்க்கலாம். மூன்றாவது வழி, குழலிலிருந்து கொஞ்சம் வாயுவை எடுத்து பிஸ்டனை இயக்குவது. அமெரிக்கச் சந்தையில் இந்த வகையைச் சேர்ந்த சிக் எம்பிஎக்ஸ், எளிய ப்ளோபேக் கார்பைன்களைப்போல் பல மடங்கு விலை பெறுகிறது.

கணக்கு சொல்லும் பாடம்

பொறியமைப்பு மாறினால் விலை எப்படி மாறும் என்பதற்கு அமெரிக்காவின் தாம்சன் துப்பாக்கியே சாட்சி. 1939-ல் ஒன்று 209 டாலர். போர் நெருக்கவே, உள்ளே இருந்த பிளிஷ் பூட்டை எடுத்துவிட்டு வெறும் ப்ளோபேக்காக மாற்றினார்கள். மற்ற பாகங்களையும் எளிமையாக்கினார்கள். 1944-ல் விலை 45 டாலருக்கு இறங்கியது. பிரிட்டனின் ஸ்டென் அதைவிட மலிவு. அந்த மலிவுக்கு ராணுவ வீரர்கள் கொடுத்த விலையும் உண்டு: கீழே விழுந்தால் தானாக வெடிக்கும் என்ற கெட்ட பெயர் ஸ்டென்னுக்குக் கடைசிவரை போகவில்லை.

ஸ்டென்னுக்குப் பிறகு வந்த ஸ்டெர்லிங்கை உரிமம் பெற்று கான்பூரில் தயாரித்தோம். ராணுவமும் போலீஸும் பல பத்தாண்டுகள் சுமந்த ‘கார்பைன் 1ஏ1’ அதுதான். அதன் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், மேலே திருகுபோல் வரிகள் ஓடுவது தெரியும். உள்ளே புகும் தூசியை வழித்து ஒதுக்குவதற்கான ஏற்பாடு அது. தேரி மண் பறக்கும் தென்பகுதிக்குப் பொருத்தமான யோசனைதான். ஆனால் இதுவும் திறந்த போல்ட் முறை. விசையை அழுத்தியதும் கனமான போல்ட் முன்னே பாய்ந்து மோதும்போதே தோட்டா வெடிக்கிறது. அந்த மோதலில் குறி அசைய வாய்ப்பு அதிகம்.

இப்போது ‘அஸ்மி’ வந்திருக்கிறது. மோவ் காலாட்படைப் பள்ளியும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் புனே ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய 9 மி.மீ. ஆயுதம். 2021 ஜனவரியில் அறிவித்தபோது தயாரிப்புச் செலவு 50,000 ரூபாய்க்குள் இருக்கும் என்றார்கள். 2024-ல் ராணுவத்தின் வடக்குக் கட்டளையகம் ஐதராபாத்தின் லோகேஷ் மெஷின்ஸ் நிறுவனத்திடம் 550 அஸ்மிகளுக்கு 4.26 கோடி ரூபாய் ஆர்டர் கொடுத்தது. ஒன்றுக்கு 77,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

முதல் குண்டு

9 மி.மீ. நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். ஆகவே எந்த கார்பைனை வாங்குவது என்பது அரசு மட்டுமே எடுக்கும் முடிவு. பலனை அனுபவிப்பது நாம். மணிமுத்தாறு பட்டாலியனிலிருந்தோ பாளையங்கோட்டை ஆயுதப்படையிலிருந்தோ ஒரு காவலர் திருவிழா பந்தோபஸ்துக்கு வருகிறார் என்றால், அவரைச் சுற்றிலும் குழந்தை குட்டிகளோடு கூட்டம் நிற்கும். அங்கே நிமிடத்துக்கு எத்தனை குண்டு பாயும் என்ற கேள்விக்கு மதிப்பில்லை. முதல் குண்டு குறிவைத்த இடத்துக்குப் போகுமா? கை தவறி விழுந்தால் வெடிக்காமல் இருக்குமா? விசையை அழுத்தும் முன்பே முன்னே மூடி நிற்கும் போல்ட்டும், விழுந்தாலும் வெடிக்காத பாதுகாப்பும் கொண்ட கார்பைனுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவாகாது.

அதோடு தோட்டாச் செலவையும் சேர்க்க வேண்டும். எம்பி5 கொடுத்தாலும், சுட்டுப் பழகாத கைக்கு அது பாரம்தான். அடுத்த முறை கார்பைன் வாங்க அரசு டெண்டர் எழுதும்போது, துப்பாக்கியின் விலைக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு காவலருக்கும் ஆண்டுதோறும் கொடுக்கப்போகும் பயிற்சித் தோட்டாவின் எண்ணிக்கையையும் எழுதட்டும். அந்த எண்ணைப் பார்த்தபிறகே எது மலிவு என்று முடிவு செய்யட்டும்.