10 டிகிரி படுத்தும் பாடு

ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் வீட்டில் அர்ச்சனை விழும். விஞ்ஞானிக்கு யார் அர்ச்சனை செய்வது?

உயிரியல் ஆய்வுக்கூடங்களில் பீரோ சைஸில் ஃப்ரீஸர் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே மைனஸ் 80 டிகிரியில் செல், டி.என்.ஏ., புரதம் என்று சாம்பிள்கள். தினம் விழுங்கும் கரண்ட் ஏறத்தாழ 20 யூனிட். ஏ.சி. இல்லாத நம் வீடு அதில் நாலு நாள் ஓடும்!

ஏன் 80? முன்பு மைனஸ் 70-தான். 'எங்க பெட்டி 80 வரைக்கும் போகும்' என்று கம்பெனிகள் விற்றன. வாங்கியவர்களும் 80-லேயே வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

அமெரிக்காவில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் பல லேப்கள் 70-க்கே திரும்பிவிட்டன. பல வருஷமாகியும் சாம்பிள்கள் சௌக்கியம். மின்சாரம் சுமார் 30 சதவீதம் மிச்சம். கம்ப்ரஸருக்கும் மூச்சு வாங்காது.

இருந்தும் மற்றவர்கள் தயங்குகிறார்கள். பாவம், அஞ்சு வருஷ பிஎச்.டி. உள்ளே இருக்கிறதே! கரண்ட் போனால் 80-ல் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும் என்ற கணக்கு. அதற்கு அலாரம் மாட்டலாம், சாம்பிளை இரண்டு பெட்டியில் பிரித்து வைக்கலாம்.

பழசைக் கழிப்பதுதான் கஷ்டம். எப்போதோ படித்துவிட்டுப் போனவரின் டியூப், லேபிள் அழிந்து கிடக்கும். தூக்கிப் போட ஒருவருக்கும் தைரியம் வராது, நம்ம வீட்டுப் பரண் மாதிரியே!