ஸ்கோப் ஆடுதா, ஆள் ஆடுறாரா?

தோட்டாவுக்கு முன்னால் – 9

“நேத்து சாயங்காலம் நச்சுன்னு பட்டுச்சுண்ணே. இன்னிக்குக் காலையில ரெண்டு விரக்கடை இடது பக்கமாப் போகுது. ஸ்கோப்பு டூப்ளிகேட்டு போல.”

தேவதானப்பட்டியில் மஞ்சளாறு அணை ரோட்டோரம் மாந்தோப்பு வைத்திருக்கும் தம்பி ஒருவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் ஸ்கோப்பின் குமிழுக்குப் போய்விட்டது. ரெண்டு கிளிக் அந்தப் பக்கம், நாலு கிளிக் இந்தப் பக்கம். அடுத்த பெல்லட் அட்டையின் மூலைக்குப் போனது. மறுபடி குமிழ்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்குதான் எம்.ஓ.ஏ. 25 மீட்டர் தூரத்தில் ஒரு கிளிக் குறியை நகர்த்துவது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ரெண்டு விரக்கடை தள்ளிப் போகிறது என்றால் கிட்டத்தட்ட இருபது கிளிக். ராத்திரியில் அலமாரிக்குள் இருந்த துப்பாக்கியின் குமிழ் தானாக இருபது கிளிக் சுற்றியிருக்குமா? சுற்றாது. அப்படியானால் நகர்ந்தது வேறு எதுவோ. அது எதுவென்று தெரியாமல் குமிழைத் திருகினால், உண்மையான கோளாறுக்கு மேல் நாமே இன்னொன்றை ஏற்றிவைக்கிறோம். பிறகு இரண்டையும் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4.5 மி.மீ குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். அதைத் தாண்டினாலும், மருந்துத் தோட்டா போடும் .22 ரைபிள் என்றாலும் உரிமம் கட்டாயம். உரிமம் வேண்டாத துப்பாக்கிதானே என்று கொக்கையும் கௌதாரியையும் குறிவைக்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏர்கன்னுக்கும் சேர்த்துத்தான். மேலே கொடைக்கானல் சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதையும் அதே சட்டம் தடுக்கிறது. காகித அட்டை வைத்து, அதற்குப் பின்னால் உயரமான மண்கரை இருக்கிறதா என்று பார்த்துச் சுடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொடர்.

கோளாறைக் கண்டுபிடிக்க முதல் கருவி அந்த அட்டைதான். குமிழைத் தொடாமல், ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து சுடுங்கள். ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, ஆனால் புள்ளியை விட்டுத் தள்ளி விழுந்தால் நல்ல செய்தி. ஸ்கோப்பும் பிடிப்பும் உறுதி, சரிசெய்ய வேண்டியது குறி மட்டும். அப்போதுதான் குமிழுக்கு வேலை. ஐந்தில் மூன்று ஓரிடத்திலும் இரண்டு வேறோர் இடத்திலும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவே தாவுகிறது என்று சந்தேகப்படலாம். அநேகமாக ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் லூஸான மவுண்ட், இல்லையென்றால் கட்டையையும் இரும்பையும் பிடிக்கும் ஸ்க்ரூ. அட்டை முழுக்க இறைந்து கிடந்தால் ஸ்க்ரூ, பெல்லட், ஆள் மூன்றும் விசாரணைக்கு உரியவர்கள்.

தம்பியின் அட்டையில் இரண்டு கூட்டம். துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு ஸ்கோப்பைக் கழற்றினோம். குழலுக்குப் பின்னால் மேற்புறம் ஓடும் 11 மி.மீ டவ்டெயில் தடத்தில் மவுண்ட் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் பளபளவென்று இரண்டு கீறல். மவுண்ட் பின்னோக்கி நகர்ந்த தடம் அது. ஸ்கோப்பு டூப்ளிகேட் இல்லை. தடத்தில் எண்ணெய் இருந்தது, அவ்வளவுதான். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று அவரே தடவியது.

ஸ்பிரிங் ஏர்கன்னில் இது சாதாரணம். காரணம் விசித்திரமானது. விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அடுத்த கணம் பிஸ்டன் குழாயின் முனையில் அழுந்திய காற்றில் மோதி நிற்கிறது. துப்பாக்கி முன்னால் எகிறுகிறது. துப்பாக்கி முன்னால் போக, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். விளைவு, ஒவ்வொரு சுடுதலுக்கும் மவுண்ட் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் சறுக்கும். பெரிய ரைபிளுக்குச் செய்த ஸ்கோப் பின்னோக்கிய உதையை மட்டும் தாங்கப் பழகியது. இந்த முன்னோக்கிய உதையில் அதன் குறுக்குக்கோடு சாய்ந்துபோவதும் உள்ளே வில்லை கழன்றுபோவதும் உண்டு. ஏர்கன் ஸ்கோப் என்று தனியாகக் கேட்டு வாங்குவது இதனால்தான். கடைக்காரர் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

வைத்தியம் சுலபம். தடத்தையும் மவுண்டின் பிடியையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். துப்பாக்கியின் மேற்புறத்தில் ஸ்டாப் பின் இறங்கும் குழி இருந்தால் மவுண்டின் அடியில் இருக்கும் பின்னை அதற்குள் சரியாக இறக்க வேண்டும். அந்தப் பின் எதற்கென்று தெரியாமல் கழற்றிப் போட்டவர்கள் நிறைய. பிறகு ரிங். ஸ்கோப் குழாய் 25.4 மி.மீ என்றால் அந்த அளவு ரிங், 30 மி.மீ குழாய்க்கு 30. இரண்டையும் காகிதம் சுற்றிச் சமாளிக்க முடியாது. மேல் ரிங்கின் நாலு ஸ்க்ரூவையும் கார் சக்கர நட்டை முடுக்குவது மாதிரி மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் ஸ்கோப் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து, இரண்டு விரல் பலத்தில் முடுக்கினால் போதும். நம் ஊரில் எதையும் “கிர்ர்” என்று சத்தம் வரும்வரை இறுக்குகிற பழக்கம் உண்டு. அலுமினியக் குழாய் அதற்கு நசுங்கிவிடும்; உள்ளே நகர வேண்டிய வில்லைக்கூடு நகராது. எல்லாம் முடிந்ததும் ரிங்கும் குழாயும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு சின்னக் கோடு. நாளைக்கு நகர்ந்தால் அந்தக் கோடு பிரிந்து காட்டிக்கொடுக்கும்.

பார்வைக் குழாயைவிட அதைத் தாங்கும் இரும்பு முக்கியம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சாட்சி உண்டு. 1802இல் சென்னையில் தொடங்கிய நில அளவையை நடத்திய வில்லியம் லாம்டன், லண்டன் கேரி பட்டறையில் செய்த அரை டன் தியோடலைட்டைத் தெற்கே இழுத்து வந்தார். தஞ்சைச் சமவெளியில் அளக்கக் குன்று இல்லை. கோயில் உச்சிதான் குன்று. 1808இல் பெரிய கோயிலின் மேலே கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதியது. கோணம் குறிக்கும் பெரிய வட்டம் வளைந்துபோனது. லாம்டன் அதை அப்படியே வைத்து அளவையைத் தொடரவில்லை. திருச்சிக்குக் கொண்டுபோய், கூடாரத்துக்குள் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆப்பும் ஸ்க்ரூவும் கப்பியும் வைத்து வளைந்ததை இம்மி இம்மியாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆனது. பிறகுதான் அளவை. அந்தப் பொறுமையில் நூறில் ஒரு பங்கு இருந்தால் மாந்தோப்பில் ஒரு டப்பா பெல்லட் மிச்சம்.

அடுத்தது சாய்வு. குறுக்குக்கோட்டின் செங்குத்துக் கோடு நிஜமாகவே செங்குத்தாக இருக்க வேண்டும். கண் இதில் ஏமாறும். கொத்தனாரின் தூக்குக்குண்டை 20 மீட்டர் தள்ளி மரக்கிளையில் தொங்கவிட்டு, துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, நூலும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா என்று பாருங்கள். சுடும்போது 5 டிகிரி சாய்ந்தால் 25 மீட்டரில் பெல்லட் ஏறத்தாழ 8 மி.மீ பக்கவாட்டில் விழும். ஐந்து டிகிரி நமக்குத் தெரியவே தெரியாது.

மவுண்ட் உறுதி, கோடு நேர் என்றான பிறகும் குறி ஆடினால் விசாரணை ஆள் பக்கம் திரும்பும். ஸ்கோப்பை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, கன்னத்தை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். குறுக்குக்கோடு அட்டையின் மேல் நடமாடினால் அதுதான் பாரலாக்ஸ். 100 கஜத்துக்குச் சரிசெய்து வந்த 40 மி.மீ வில்லை ஸ்கோப்பால் 20 மீட்டரில் பார்த்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது ஒன்றரை சென்டிமீட்டர் வரை பிழை வரலாம். முன்வளையத்தையோ பக்கக் குமிழையோ திருகித் தூரம் மாற்றுகிற ஸ்கோப் என்றால் தொல்லை தீர்ந்தது. இல்லையென்றால் கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையின் அதே இடத்தில் படியப் பழக வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை. பின்னால் சிறு துளை, முன்னால் ஒரு வளையம். பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர். அங்கே பாதி வேலை கன்னம் படிகிற இடம்தான்.

ஸ்பிரிங் ஏர்கன்னை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. செங்கல் மேல் வைத்துச் சுட்டால் ஓரிடம், உள்ளங்கையில் தளர்வாக வைத்துச் சுட்டால் வேறிடம். எப்படிச் சுடப் போகிறீர்களோ அப்படி வைத்தே ஜீரோ போட வேண்டும், அதாவது குறியும் பெல்லட் படும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைப் பொருத்த வேண்டும்.

“25 மீட்டர்ல கரெக்ட்டாப் படுது, அஞ்சு மீட்டர்ல கீழ போகுதுண்ணே” என்றார் தம்பி. இது கோளாறே இல்லை. ஸ்கோப் குழலுக்கு நாலு, நாலரை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. கிட்டத்தில் பெல்லட் இன்னும் பார்வைக் கோட்டுக்கு ஏறி வந்திருக்காது. விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் 25 மீட்டருக்கு ஜீரோ போட்டிருந்தால், 5 மீட்டரில் சுமார் 2 செ.மீ கீழே விழும். 10 மீட்டரை ஒட்டிப் பார்வைக் கோட்டைத் தொடும். நடுவே ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து, 25இல் மறுபடி கோட்டுக்கு வரும். 35 மீட்டருக்கு நன்றாகவே தணிந்துவிடும். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டையில் ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம்.

மடக்கும் குழல் துப்பாக்கிகளில் இன்னொரு சிக்கல். குழல் லேசாகக் குனிந்திருந்தால் மேல் குமிழை எவ்வளவு திருகினாலும் பெல்லட் கீழேயே விழும். குமிழ் எல்லைக்குப் போனால் உள்ளே தாங்கும் ஸ்பிரிங்குக்கு வலு இருக்காது. குறி மறுபடி ஆட ஆரம்பிக்கும். பின் ரிங்கின் அடியில் பழைய புகைப்பட ஃபிலிம் துண்டு ஒன்று வைப்பது பழைய வைத்தியம். ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அதற்கு மேல் என்றால் குழாய் வளையும். உயரம் மாற்றக்கூடிய மவுண்டாக வாங்கிவிடுவது மேல்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ஸ்கோப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று சுட்டு, மேலே இருபது கிளிக். மூன்று சுட்டு, வலது இருபது. பிறகு கீழே இருபது, இடது இருபது. அட்டையில் மூன்றரை சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் விழுந்து, கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே விழ வேண்டும். சதுரம் கோணினால் குறுக்குக்கோடு சாய்வு. கடைசிக் கூட்டம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பாவிட்டால் ஸ்கோப் பழுது. பில்லைத் தேடி எடுங்கள்.

இந்தச் சோதனையை ஆடிக் காற்றில் செய்யாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் காற்றாலை சுற்ற வைக்கிற காற்று, அரை கிராம் பெல்லட்டைச் சும்மா விடாது. வெயில் ஏறுமுன், மாவிலை அசையாத நேரம் பார்த்து உட்காருங்கள்.

அடுத்த வாரம்: ஒரே டப்பா பெல்லட்டுகள் ஏன் ஒரே எடையில் இருப்பதில்லை.