பரணில் தூங்கும் "லேப்டாப்"
தட்டுக்குப் பதில் சில்லு! உயிர் வருமா?

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி, நரிக்குடி தாண்டி வீரசோழன் பக்கம் போனால், வழி நெடுகச் சீமைக் கருவேல மரங்கள்தான். மழையை நம்பி வாழும் மானாவாரி பூமி அது.

இந்தப் பக்கத்து வீடுகளில், பிள்ளைகள் படித்த காலத்துப் பொருள் ஒன்று பரணில் கிடப்பது உண்டு. அதுதான் அரசாங்கம் கொடுத்த இலவச "லேப்டாப்"!

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாடு முழுவதும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டன.

பையன் படித்து முடித்து வேலைக்குப் போய் விட்டான். அல்லது, பெண் கல்யாணமாகிப் போய் விட்டாள். பெட்டி மட்டும் வீட்டில் இருக்கிறது.

அடுத்த பிள்ளை படிக்க அதை எடுத்தால் என்ன ஆகிறது? பொத்தானை அமுக்கிவிட்டு, உலை வைத்துச் சோறு வடித்து விடலாம். அப்போதும் திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டு இருக்கும்!

"பழசாகி விட்டது, இனி உதவாது" என்று சொல்லி விடுகிறார்கள். அது முழு உண்மை அல்ல.

குற்றவாளி யார்?

லேப்டாப்பின் மூளை அவ்வளவு மோசம் இல்லை. உள்ளே இருக்கும் "ஹார்ட் டிஸ்க்"தான் அதைக் காக்க வைக்கிறது.

ஹார்ட் டிஸ்க் என்பது பழைய கிராமபோன் போன்றது. உள்ளே தட்டு சுற்றுகிறது. அதன் மேல் ஒரு கை அங்கும் இங்கும் ஓடி எழுத்துக்களைத் தேடுகிறது. பெரும்பாலான லேப்டாப்புகளில் இந்தத் தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும். அதாவது, வினாடிக்கு 90 சுற்று!

கேட்டால் பெரிய வேகம்தான். ஆனால், தட்டு சுற்றி வந்து, கையும் இடம் பார்த்து நிற்பதற்குள், வினாடிக்கு அறுபது எழுபது இடங்களைத் தேடினாலே அதிகம். கம்ப்யூட்டர் விழித்து எழும்போதோ, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. தாமதத்துக்குக் காரணம் இதுதான்.

இந்தத் தட்டு 1956-ல் பிறந்தது. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி முதலில் செய்தபோது அதில் 50 தட்டுகள் இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன்! அவ்வளவு பெரிய எந்திரத்தில் அடங்கியது ஏறத்தாழ 5 எம்.பி. மட்டுமே. இன்று செல்போனில் எடுக்கும் ஒரே படத்துக்கு அது போதாமல் போகலாம்.

சுற்றாத பெட்டி

இப்போது தட்டுக்குப் பதிலாகச் சில்லு வந்துவிட்டது. எஸ்.எஸ்.டி. என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். சுற்றுவது, ஓடுவது எதுவும் இதில் கிடையாது. மின்சாரத்தைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து வைத்து, அதையே எழுத்தாகப் படிக்கிறது. தேடும் வேலையில் ஹார்ட் டிஸ்க்கைப் போல் நூறு மடங்குக்கு மேல் வேகம்!

இந்தச் சில்லு வித்தையைக் கண்டவர் ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா. 1980-களில் கண்டுபிடித்தார். 1991-ல் சான்டிஸ்க் கம்பெனி 20 எம்.பி. அளவில் ஒரு பெட்டி செய்தது. அதன் விலை ஏறக்குறைய ஆயிரம் டாலர்! அந்தக் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் நம் நாட்டில் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா.

தைத்த சட்டை, நெய்த சேலை

பெட்டியை மாற்றினால் மட்டும் போதுமா? அதில் ஓடும் மென்பொருளும் பொருத்தமாக இருக்க வேண்டும். இங்கேதான் லினக்ஸ் வருகிறது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கியது இது. விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

இலவச லேப்டாப்புகளில் விண்டோசோடு "பாஸ்" என்ற லினக்சும் வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கி 2007-ல் வெளியிட்டது அது. டெபியன் என்ற லினக்ஸ் துணியை எடுத்து, நம் அளவுக்குத் தைத்த சட்டை என்று சொல்லலாம். பலர் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான் வருத்தம்.

அருப்புக்கோட்டைத் தறிக்காரர் போல, நூல் வாங்கிப் பாவு ஓட்டித் தாமே நெய்கிறவர்களும் உண்டு. ஜெரார்டு பீக்மன்ஸ் என்பவர் 1999-ல் தொடங்கிய "லினக்ஸ் ப்ரம் ஸ்கிராட்ச்" என்ற வழிகாட்டி நூல் அதற்கு உதவுகிறது. ஒவ்வொரு பகுதியையும் மூலத்தில் இருந்து தாமே கட்ட வேண்டும். பழைய லேப்டாப்பில் இதற்கு நாள் கணக்கில் ஆகும். சில்லுப் பெட்டி இருந்தாலும் அந்த நேரம் அதிகம் குறையாது. கட்டும் வேலை மூளையின் வேலை. வீட்டுக்கு டெபியனை எடுத்து, வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்வதே நல்லது.

கிடை மாற்றும் தந்திரம்

சில்லுக்கு ஒரு குறை உண்டு. எழுதி எழுதி அழித்தால் அது தேயும்.

அதோடு, ஓர் எழுத்தை மட்டும் அழிக்கவும் அதற்குத் தெரியாது. சிலேட்டில் ஒரு வரியைத் திருத்த, பலகை முழுவதையும் துடைப்பது போல, ஒரு பெரிய பகுதியையே அழித்துத்தான் மறுபடி எழுதும்.

ஒரே இடம் தேயாமல் இருக்க என்ன செய்கிறது? ஆட்டுக்காரர் வயலில் கிடை போடுவதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இன்று ஓர் இடம், நாளை அடுத்த இடம் என்று மாற்றி மாற்றிப் போடுவார். சில்லுப் பெட்டியும் அப்படித்தான்! எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொள்ளும்.

அதற்குக் காலி இடம் வேண்டும். பெட்டியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுவது நல்லது. எந்த இடம் காலி என்பதை லினக்ஸ்தான் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். இதற்கு "ட்ரிம்" என்று பெயர். வாரம் ஒரு தடவை அது தானாக நடக்கும்படி அமைத்து விட்டால் போதும்.

தேய்மானம் என்றதும் பயப்படத் தேவை இல்லை. 80 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் போட்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். தினம் 20 ஜி.பி. எழுதினாலும் 4,000 நாள் வரும். ஏறக்குறைய 11 வருடம்! நினைவகம் நிரம்பினால் ஒதுங்கும் "ஸ்வாப்" இடத்தை இதில் வைக்கக் கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2 ஜி.பி. நினைவகம் உள்ள எந்திரத்தில் அது இல்லாவிட்டால்தான் ஆபத்து.

கடையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய லேப்டாப்புக்கு இரண்டரை அங்குல "சாட்டா" பெட்டிதான் பொருந்தும். சூயிங்கம் பட்டை போல மெல்லிசாக வரும் புது வகையை வாங்கி வந்து விழிக்கக் கூடாது.

போனால் வராது!

இனி வருவதைப் பெரியவர்களும் சிறியவர்களும் நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்த படத்தை, பல சமயம் மீட்டு விடலாம். சில்லுப் பெட்டியில் ட்ரிம் நடந்து விட்டால் போனது போனதுதான்! கல்யாணப் படமானாலும், மகளின் மதிப்பெண் சான்றிதழானாலும் திரும்பாது.

சாகும் விதமும் வேறு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் "டக், டக்" என்று முனகிவிட்டுச் சாகும். சில்லுப் பெட்டி சத்தமே போடாது. நேற்று ஓடியது, இன்று கண் விழிக்காமல் போகலாம்.

எழுதிக்கொண்டு இருக்கும்போது கரண்டு போனாலும் ஆபத்து. பேட்டரி செத்த லேப்டாப்பைக் கம்பியில் மட்டும் ஓட்டுகிறவர்கள், முதலில் பேட்டரியை மாற்ற வேண்டும்.

பரணும் அதற்கு ஏற்ற இடம் அல்ல. மின்சாரம் இல்லாமல் கிடந்தால், அறைகளில் அடைத்த மின்சாரம் மெல்ல மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். தேய்ந்து முடிந்த பெட்டியும், 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு காலம் எழுத்தைக் காக்க வேண்டும் என்பது தொழில் துறையின் அளவுகோல். புதுப் பெட்டி அதைவிட அதிக நாள் தாங்கும். ஆனால், சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரைக்கு அடியில் எத்தனை டிகிரி என்று யார் அளந்தார்கள்?

ஆகவே, வேலையைத் தொடங்கும் முன்னால், பழைய டிஸ்க்கில் இருக்கும் படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் திருப்புளியைத் தொட வேண்டும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டு விடாதீர்கள். அதற்கு யு.எஸ்.பி. உறை என்று ஒன்று விற்கிறது. அதற்குள் செருகினால், பழைய தட்டு வெளியில் இருந்து வேலை செய்யும். வேகம் இல்லாவிட்டால் என்ன? மாதம் ஒரு தடவை குடும்பத்துப் படங்களை அதில் நகல் எடுத்து, பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்து விடலாம்.