ஒரே பெயர்ப் பட்டியல்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகரில், தெருவில் கிடந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் நிலையான வீட்டுக்குக் குடிபோக ஒரு காலத்தில் 720 நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் 76 அலுவலகப் படிகளை ஏறி இறங்க வேண்டும். பத்தாண்டுகளில் அந்தக் காத்திருப்பு 32 நாட்களாகச் சுருங்கியது. பணமும் இதற்குத் தேவைப்பட்டது. ஆனாலும் என்னை வியக்கவைப்பது, இரண்டு அரசாங்கங்கள் ஒரே பட்டியலைப் பார்க்கத் தொடங்கியதுதான்.

அங்கே நகரம் ஓர் அரசு; நகரத்தையும் சுற்றுவட்டார ஊர்களையும் சேர்த்த கவுன்ட்டி இன்னோர் அரசு. பரப்பளவில் நம் மாவட்டத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நியமனமாகி வரும் கலெக்டர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த குழுவே ஆள்கிறது. தனி வரி, தனி பட்ஜெட். ஹூஸ்டனின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுன்ட்டிக்குள் இருக்கிறது. போலீஸ், குடிநீர், கட்டட அனுமதி ஆகியவற்றை நகரம் பார்க்கிறது. சிறை, ஏழைகளுக்கான பொது மருத்துவமனை, மனநல சிகிச்சை எல்லாம் கவுன்ட்டி மட்டத்தில் நடக்கின்றன.

மனநோயால் வேலையும் வீடும் இழந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். மேம்பாலத்துக்கு அடியில் படுத்திருக்கிறார். அத்துமீறி நுழைந்தார் என்று நகரப் போலீஸ் பிடிக்கிறது. கவுன்ட்டி சிறையில் மாத்திரை கிடைக்கிறது, கொஞ்சம் தெளிகிறார். விடுதலையாகி வந்தால் கூடாரத்தைக் காணோம், அதற்குள் இருந்த அடையாள அட்டையும் போயிற்று. அட்டை இல்லாமல் யாரும் வீடு தர மாட்டார்கள். மாத்திரை தீர்கிறது, மயங்கி விழுகிறார், ஆம்புலன்ஸ், பொது மருத்துவமனை, மறுபடி அதே பாலம். இந்தச் சுற்றில் ஒவ்வொரு அலுவலகமும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கும். நகரமும் செலவழித்திருக்கும், கவுன்ட்டியும் செலவழித்திருக்கும். அவருக்கு ஒரு கதவுகூடக் கிடைத்திருக்காது.

ஆனிஸ் பார்க்கர் மேயராக இருந்தபோது, 2012 வாக்கில், இந்தச் சுற்றை உடைக்க முயற்சி தொடங்கியது. அதுவரை தொண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு வரிசை வைத்திருந்தன. யார் எங்கே காத்திருக்கிறார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. நகரம், கவுன்ட்டி, பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ‘தி வே ஹோம்’ என்ற ஒரே திட்டத்துக்குள் வந்தன. எந்த வாசலில் போய் நின்றாலும் அதே கேள்விகள், அதே கணினிப் பதிவு. யார் முதலில் வந்தார் என்பதைவிட, யாருடைய நிலை மோசம் என்பதை வைத்து முறை வருகிறது. கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. சொந்தப் பட்டியலை விட்டுக்கொடுக்க எந்த அலுவலகமும் லேசில் சம்மதிக்காது என்பது அரசு அலுவலகம் பார்த்த யாருக்கும் தெரியும்.

இன்னொரு தலைகீழ் மாற்றம்: குடியை விடு, சிகிச்சை எடு, அப்புறம் வீடு என்ற பழைய நிபந்தனை போயிற்று. முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு. நியூயார்க்கில் 1992இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய முறை இது. கனடா 2009 முதல் 5 நகரங்களில் சுமார் 2,000 பேரிடம் இதைச் சோதித்தது. குலுக்கல் முறையில் சிலருக்கு உடனே வீடு, மற்றவர்களுக்கு வழக்கமான உதவி. வீடு பெற்றவர்களே அதிகக் காலம் நிலையாகக் குடியிருந்தார்கள். காரணம் எளிது. இன்சுலின் வைக்க ஃப்ரிட்ஜ் வேண்டும், மாத்திரைப் பையைத் திருட்டுப் போகாமல் பூட்டிவைக்கக் கதவு வேண்டும், சிகிச்சையாளர் தேடி வர முகவரி வேண்டும்.

ஹூஸ்டனில் ஒரு கூடார முகாமை மூடும் விதத்தில் ‘முதலில் வீடு’ என்ற இந்த முறை தெளிவாகத் தெரியும். களப்பணியாளர்கள் பல நாள் முன்பே போய்ப் பழகுகிறார்கள்; பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை வாங்கித் தருகிறார்கள்; இன்னொரு பக்கம் வீட்டு உரிமையாளர்களிடம் பேசி வீடு பிடிக்கிறார்கள். போக இடம் தயாரான பிறகே அந்த இடத்தைக் காலி செய்கிறார்கள்.

2011இல் ஓர் இரவுக் கணக்கெடுப்பில் அங்கே சுமார் 8,500 பேர் வீடற்றிருந்தார்கள். 2023இல் சுமார் 3,300. 2022க்குள் 25,000க்கும் மேற்பட்டோர் வீடுகளில் குடியேறினார்கள். இரண்டாண்டு கழித்தும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தார்கள்.

ஹூஸ்டனில் வாடகை ஒப்பீட்டளவில் மலிவு என்பதையும் சொல்லியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் அந்த வசதி இல்லை. ஒரே கவுன்ட்டிக்குள் 88 நகரங்கள் வேறு. அங்கும் நகரமும் கவுன்ட்டியும் சேர்ந்து 1993இல் ஒரு கூட்டு ஆணையம் அமைத்தன. 2024 கணக்கெடுப்பில் அந்தக் கவுன்ட்டியில் சுமார் 75,000 பேர் வீடற்றிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஆணையத்துக்குத் தரும் பணத்தை எடுத்துக்கொண்டு தனித் துறை தொடங்குவதென்று கவுன்ட்டி முடிவெடுத்தது. கூட்டு ஆணையம் என்று பலகை மாட்டினால் போதாது. பணமும் பொறுப்பும் யாரிடம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

ஹூஸ்டனுக்கும் கவலை உண்டு. கொரோனா காலத்தில் நகரமும் கவுன்ட்டியும் சேர்ந்து போட்ட மத்திய அரசுப் பணம் தொடர்ந்து வருவதல்ல. வாடகையோ மாதா மாதம் கட்ட வேண்டியது. வாடகைக்கான பணத்தை இரு அரசுகளும் தங்கள் பட்ஜெட்டிலேயே நிரந்தரமாக ஒதுக்கினால்தான் குடியேறியவர்கள் வீட்டில் நீடிப்பார்கள்.